கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாத கார்

4,39,550 ரூபாய். கூரைக்கு மட்டும். வீட்டுக் கூரை இல்லை, கார் கூரை. பட்டனை அமுக்கினால் மடிந்து டிக்கிக்குள் போகிற கன்வெர்டிபிள் கூரை. நேற்று சாயங்காலம் சர்வீஸ் சென்டரிலிருந்து வாட்ஸாப்பில் எஸ்டிமேட் வந்தது. கீழே "அப்ரூவ் பண்ணுங்க சார்" என்று ஒரு கும்பிடு பொம்மை வேறு. கும்பிட வேண்டியது நான்தான் தம்பி, நீ இல்லை.

ஹைட்ராலிக் பம்ப் 1,85,000. சிலிண்டர் இரண்டு, தலைக்கு 62,000. எண்ணெய் 9,000. லேபர் 48,000. என்ன நோய் என்று கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்ததற்கு 6,500. அத்தனைக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வண்டியை வாங்கியதே 14 லட்சத்துக்கு! 2011 மாடல், ஜெர்மன் சரக்கு, பெங்களூர் நம்பர். "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்றார் புரோக்கர். டாக்டருக்கு நோய் முற்றியது தெரிந்திருக்கிறது, டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். வருஷம் ஆக ஆக வண்டி விலைதான் இறங்குகிறது. பம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அது இன்னும் தன்னைப் புது வண்டியின் பம்ப் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, கூரை மக்கர் செய்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஈ.சி.ஆரில் கூரையைத் திறந்துகொண்டு நானும் மனைவியும் ராஜா ராணி மாதிரி வந்தோம். திருவான்மியூர் சிக்னலில் சிவப்பு. முதல் தூறல். நான் பதறவே இல்லை. 22 வினாடியில் மூடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, சிக்னலில் இன்னும் 70 வினாடி இருக்கிறது. பட்டனை அமுக்கினேன்.

முதலில் நாலு கண்ணாடியும் சரசரவென்று இறங்கின. இறங்கித்தான் ஆக வேண்டும், அப்போதுதான் கூரை வரும். பிறகு டிக்கி பின்பக்கமாக வாயைப் பிளந்தது. உள்ளே மடித்து வைத்த இரும்புக் கூரை மூன்று துண்டாக எழுந்தது. எழுந்து, ஆகாயத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது. டிங் என்று ஒரு மணி. கூரை இயக்கம் முழுமையடையவில்லையாம். அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேனே!

சிக்னல் பச்சையானது. பின்னால் மாநகரப் பேருந்து. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா சார், ரோபோவா?" என்றார். இரண்டு டெலிவரிப் பையன்கள் வண்டியை ஓரம் கட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கையிலிருந்த பிரியாணி யாருக்கு ஆறிப்போனதோ, அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போக்குவரத்துக் காவலர் வந்தார்.

"பானெட்டை மூடுங்க சார்."

"அது பானெட் இல்லை சார், டிக்கி."

"எதுவா இருந்தா என்ன, மூடுங்க."

கையால் மூட வழி உண்டு. அதற்கு ஆலன் கீ என்று ஒரு அறுகோணத் திருகுச் சாவி வேண்டும். ஆலன் கீ டூல் கிட்டில் இருக்கிறது. டூல் கிட் டிக்கியில், எழுந்தும் எழாமலும் நிற்கும் அதே கூரைக்கு அடியில். இதை டிசைன் செய்த புண்ணியவானை ஒரே ஒரு ஐப்பசி மாதம் சென்னையில் குடிவைக்க வேண்டும்.

மழை வலுத்தது. மனைவி ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து குடையை எடுத்தாள். 14 லட்ச ரூபாய் காரின் முன்சீட்டில், லெதர் மேல் உட்கார்ந்து, குடையை விரித்தாள். ஒரே அமுக்கு. விரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "இந்தக் குடை எவ்வளவு தெரியுமா?"

கடைசியில் பம்பில் அழுத்தம் இறங்கி, கூரை தானாகவே கிழவர் ஈசிசேரில் சாய்கிற மாதிரி மெல்லச் சரிந்தது. காவலரும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். அதற்குள் சீட்டில் மீன் வளர்க்கலாம்.

மறுநாள் புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் வந்து டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் குளம். குளத்துக்கு நடுவில் பம்ப் மோட்டார். மழைநீர் வடிகிற ஓட்டை முழுக்க வேப்பிலை. எங்கள் அபார்ட்மென்டில் எனக்குக் கொடுத்த பார்க்கிங் வேப்பமரத்தடி. நிழல் என்று நானே சண்டை போட்டு வாங்கிய இடம். "தண்ணி குடிச்ச மோட்டார் சார், காயில் காலி. சிலிண்டர் சீலும் வெயில்ல வறண்டு போச்சு" என்றார். எண்ணெய் கசியாமல் தடுக்க வேண்டிய அந்த சீல் எனக்கு முன்பே பழக்கம். மூன்று மாதமாகக் கூரைப் பூட்டிலிருந்து ஹைட்ராலிக் எண்ணெய் சொட்டுச் சொட்டாக என் உச்சந்தலையில் விழுந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைக் காரே பார்த்துக்கொண்டது. மோட்டாரைக் காயில் கட்டி, சீல் எல்லாம் மாற்ற 38,000 கேட்டார். நான்தான் புத்திசாலியாயிற்றே, "எதற்கும் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடலாம்" என்று அங்கே இழுத்துக்கொண்டு போனேன். அந்த 6,500 இப்படித்தான் போனது.

இது தவிர இன்ஜினைக் குளிரவைக்கிற எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் ஒரு தடவை நின்றது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் என்பதால் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கடைக்காரர் தொடவே மாட்டேன் என்றார். அதையெல்லாம் எழுதினால் தாங்காது. இந்த ஊரில் கூரையைத் திறந்து ஓட்ட வருஷத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும்? ஒன்று வெயில், இல்லை மழை, இரண்டும் இல்லாத மார்கழியில் காக்கை. காக்கைக்குக் கன்வெர்டிபிள் என்றால் தனிப் பிரியம்.

இன்று காலை வண்டியைப் புதுப்பேட்டைக்கே கட்டி இழுத்துப் போனேன். "வருவீங்கன்னு தெரியும் சார்" என்றார் மெக்கானிக். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? வேலை முடிய நாலு நாள் ஆகுமாம். எதிரே இருந்த டிபன் கடையில் இரண்டு இட்லி சொன்னேன். இரண்டாவது தடவை சட்னி கேட்டால், எக்ஸ்ட்ரா பத்து ரூபாயாம்! தண்ணீர்ச் சட்னிக்குப் பத்து ரூபாயா? முதலாளியைக் கூப்பிடச் சொல்லி அரை மணி நேரம் சண்டை போட்டேன். அதெப்படி ஐயா, இட்லிக்குச் சட்னி தனிக் காசு?