டிஸ்க் விலகிய நாய் ஆபரேஷனுக்குப் பிறகு நடக்காதா?

அண்ணாச்சி, முதுகு டிஸ்க் விலகி பின்னங்கால் விழுந்த நாய், ஆபரேஷன் செய்தாலும் நடக்காது, கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பிவிடுவதே நல்லது என்று எழுதியிருக்கீங்க. அது சரியில்லை. இதை நம்பி யாரும் பிழைக்கிற நாயை இழந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

கால் அசையாவிட்டாலும் காலில் ஆழ்வலி உணர்வு (எலும்பை அழுத்தினால் வலி தெரிவது) மிச்சமிருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது நாய் போல மறுபடி நடக்கும். பெரும்பாலும் சில வாரங்களில். அந்த உணர்வும் போயிருந்தால்கூட ஏறத்தாழ பாதி நாய்கள் தேறுகின்றன. டாஷண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்குத்தான் இந்த டிஸ்க் விலகல் அதிகம் வருகிறது.

சரிபார்ப்பது சுலபம். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் டாக்டரிடமோ, "ஆழ்வலி உணர்வு இருக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்க. கால்விரல் எலும்பைக் கவ்வியால் அழுத்துவார். நாய் திரும்பிப் பார்த்தாலோ, கத்தினாலோ, கடிக்க வந்தாலோ உணர்வு இருக்கிறது. காலை இழுப்பதை மட்டும் கணக்கில் எடுக்காதீங்க. மூளைக்குச் சேதி போகாமலே தண்டுவடம் செய்கிற அனிச்சைச் செயல் அது. பலர் ஏமாறுவது இங்கேதான். வீட்டில் நீங்களே அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், வலியில் கடித்துவிடும். கால் விழுந்த அன்றைக்கே, முதுகு வளையாமல் பலகையில் கிடத்தித் தூக்கிப் போங்க.