புறக்கோட்டை என்று சொன்ன தம்பிக்கு

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிற அந்த முகப்புத் திரை ஸ்க்ரீன்ஷொட் என் அண்ட்ரொயிட் போனுடையதுதான். பெயரை மறைத்துப் போட்டதற்கு நன்றி. ஆனால் ஐகன்களுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பது என் அக்காவின் மகள், ஆகவே வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு யார் போன் என்று விளங்கிவிட்டது.

"ஐபோன் என்றால் டிசைன். இது புறக்கோட்டை" என்று தம்பி எழுதியிருக்கிறார், கொழும்பின் சந்தடி மிகுந்த கடைத்தெருவைச் சொல்லி. கீழே சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். சரி, சிரியுங்கள். ஆனால் ஒரு திரை வடிவாக இருப்பது வேறு, கை போகிற இடத்தில் சாமான் இருப்பது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதும் இருக்கிறது என்று சாதிக்கிறீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

புறக்கோட்டையை இழுத்ததும் நல்லதாகப் போயிற்று. தம்பி அங்கே கடைசியாக எப்போது நடந்தாரோ. நகை என்றால் செட்டியார் தெரு. துணி என்றால் கெய்சர் வீதி. நாட்டு மருந்துச் சரக்கு என்றால் கபூஸ் லேன். மூட்டை சுமக்கிற நாட்டாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது வரைக்கும் அங்கே போய் வருகிறவனுக்குத் தெரியும். பார்க்கத்தான் சந்தடி, தேடிப் போன சாமானோடு அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம். கண்ணாடியும் ஏசியுமாகப் பளபளக்கிற மோல்களில்தான் கழிவறையைத் தேடித் தளம் தளமாக அலைந்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு சின்ன விஷயம். போனில் ஒன்றைத் திறந்துவிட்டு முந்தைய திரைக்குத் திரும்பிப் போவது எப்படி?

அண்ட்ரொயிட்டில் அந்த வேலை போனுடையது. முன்பு கீழே ஒரு பொத்தான் இருந்தது. 2019இல் அண்ட்ரொயிட் 10 வந்த பிறகு திரையின் இடது ஓரத்தையோ வலது ஓரத்தையோ இழுத்தால் போதும். வங்கிச் செயலியோ வட்ஸ்அப்போ, பெரும்பாலும் இது ஒன்றேதான். ஐபோனில்? ஒரு இடத்தில் இடது மேல் மூலையில் அம்புக்குறி. இன்னொரு இடத்தில் வலது மேல் மூலையில் பெருக்கல் குறி. இன்னொன்றைக் கீழே இழுத்து விட வேண்டும். சிலவற்றில் இடது ஓர இழுப்பு வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. எங்கே எது என்று மனப்பாடம் செய்துவிட்டு அதற்கு 'இயல்பானது' என்று பெயர் வைத்துக்கொள்கிறீர்கள்.

அம்மாவுக்கு அக்கா கனடாவிலிருந்து ஒரு ஐபோன் அனுப்பினார். நல்ல மனதோடுதான் அனுப்பினார். ஒரு நாள் பின்னேரம் அம்மா இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை, வலது கையில் போனுமாக பல்கனியில் இருக்கிறார். பேத்தியின் படத்தைத் திறந்தாயிற்று, வெளியே வரத் தெரியவில்லை. பெருவிரல் கீழேயே பொத்தானைத் தேடித் தடவுகிறது. பிறகு ஓரத்தை இழுத்தார், அடுத்த படம் வந்தது. மற்றப் பக்கம் இழுத்தார், பழைய படம் வந்தது. மேல் மூலைக்கு விரல் எட்டவில்லை. கோப்பையைச் சுவரில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதைச் சாத்து தம்பி" என்று என்னிடம் நீட்டினார். தன் பழைய சம்சுங்கில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்கிற மனுஷி. இதற்கும் "வயதானவர்களுக்கு எதுவும் கஷ்டம்தான்" என்று ஒருவர் எழுதுவார். எழுதுங்கள்.

"எந்த அண்ட்ரொயிட்டைச் சொல்கிறீர்கள், கொம்பனிக்கு ஒன்று இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கூகுளின் பிக்ஸலில் மூன்று பொத்தான் வைத்தால் திரும்பும் பொத்தான் இடது பக்கம், சம்சுங்கில் அது வலது பக்கம். போன் மாற்றினால் கொஞ்ச நாள் விரல் தடுமாறும். அதையும் சம்சுங்கின் செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாம், அத்தோடு அந்தக் கதை முடிந்தது. மலிவுப் போன்கள் சிலவற்றில் விளம்பரம் வருகிறதே? வருகிறது, அசிங்கம்தான். ஐபோனின் அசைவுகள் வழுவழுப்பாக இருக்கின்றனவே? இருக்கின்றன. சந்தோஷம்.

"நீர் என்ன டிசைனரா" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். பல வருஷமாக அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துச் சாப்பிடுகிறவன் நான். எழுத்துக்குப் பின்னால் படம் தெரிந்தால் எழுத்து வாசிக்க முடியாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். உலகத்தின் மிகப் பணக்காரக் கொம்பனிகளில் ஒன்றான ஆப்பிள், 2025இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 26இன் புதுத் தோற்றத்துக்கு 'லிக்விட் கிளாஸ்' என்று பெயர் வைத்து, எழுத்தையும் பொத்தானையும் கண்ணாடிக்குள் போட்டது. வாசிக்க முடியவில்லை என்று ஆட்கள் கத்தினார்கள். 26.1இல் கண்ணாடியை மங்கலாக்க ஒரு தெரிவு கொடுத்தார்கள். அப்படியானால் வந்த நாளன்று "என்ன டிசைன்!" என்று இங்கே பதிவு போட்டவர்கள் எதைப் பார்த்தார்கள்?

இது புதுக் கதையும் இல்லை. 2013 வரை ஐபோனில் விளையாட்டுச் செயலிக்குப் பச்சைத் துணி, புத்தகச் செயலிக்கு மரத்தட்டு. அதுதான் அழகு என்றார்கள். 2013இல் ஆப்பிளின் வடிவமைப்புத் தலைவர் ஜொனி ஐவ் ஐஓஎஸ் 7இல் துணியையும் மரத்தையும் வழித்தெடுத்துத் தட்டையாக்கினார். அதுதான் அழகு என்றார்கள். இப்போது கண்ணாடி. ஐகனை முகப்பில் விரும்பிய இடத்தில், இடைவெளி விட்டு வைக்க 2024இல்தான், ஐஓஎஸ் 18இல்தான், அனுமதி கிடைத்தது. அதுவரை எல்லாம் மேலிருந்து வரிசையாகத்தான் நிற்கும். பாடசாலை அசெம்பிளியில் நிற்பதுபோல நிற்பதை ஒழுங்கு என்று நம்பியிருந்தீர்கள். கமராவில் கட்டக் கோடு போடக் கமராவை விட்டு வெளியே போய் செட்டிங்ஸுக்குள் தேட வேண்டியிருந்த வருஷங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

உண்மையிலேயே சீரான ஒன்றைச் சொல்லட்டுமா? 2010இல் வந்த, மைக்ரோசொஃப்ட்டின் விண்டோஸ் போன். நிழல் இல்லை, பளபளப்பு இல்லை. பெரிய எழுத்து, சதுர ஓடுகள், எந்தத் திரைக்குப் போனாலும் அதே கை, அதே நடை. கீழே திரும்பும் பொத்தான். எழுத்தை வைத்தே முழுப் போனையும் கட்டியிருந்தார்கள். பக்கம் வடிவமைக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு நிறையும். என்னிடம் அந்த வகையில் ஒரு மஞ்சள் லூமியா இருந்தது. அப்போதும் சிரித்தீர்கள். செயலிகள் வரவில்லை, வந்தவையும் விட்டுப் போயின, கடைசியில் மைக்ரோசொஃப்ட்டே கைவிட்டது. உங்களுக்குச் சீர்தான் முக்கியம் என்றால் அன்றைக்கு ஏன் ஒருவரும் வாங்கவில்லை?

சொல்லட்டுமா, டிசைன் உங்கள் பிரச்சினையே இல்லை. விலை கூடிய போன் என்ற பெருமைதான். டிசைனைப் பார்க்கிறவர்கள் என்றால் இதைக் கவனித்திருப்பீர்கள். 2014இல் அண்ட்ரொயிட் 5.0 வந்தபோது, கூகுள் 'மெட்டீரியல் டிசைன்' என்ற புதுத் தோற்றத்தோடு சிங்களத்தையும் தமிழையும் ஒன்றாகவே போன் மொழியாகத் தந்தது. அதைப் பற்றி ஒருவரும் பதிவு போட்டதாக நினைவில்லை. நீள நீளமான நம் சொற்கள் பொத்தானுக்குள் அடங்காமல் மூன்று புள்ளியில் முடிவதைப் பற்றியும் யாரும் போடவில்லை. அது திரையைத் தமிழில் வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். என் ஸ்க்ரீன்ஷொட் தமிழில் இருந்தது, கவனித்தீர்களா? 'புறக்கோட்டை' என்றது அதற்கும் சேர்த்துத்தானே?

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய நேரத்தில், பழைய போன் செத்து, லிபர்ட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய போன் இது. அப்போது யாரும் ஜொனி ஐவைப் பற்றிக் கதைக்கவில்லை, சமையல் கேஸ் வரிசையைப் பற்றித்தான் கதைத்தோம். நானும் நீங்களும் ஒரே வரிசையில்தான் நின்றோம்.

கடைசியாக ஒன்று. சிரித்தவர்களில் ஒருவர் அண்மையில்தான் ஐபோனுக்கு மாறினார். பழைய வட்ஸ்அப் சட்களை ஏற்றிக்கொள்ளத் தெரியாமல் என்னிடம்தான் வந்தார். இரவு பதினொரு மணி வரை இருந்து செய்து கொடுத்தேன். தொடர்பு இலக்கங்கள் மட்டும் மிச்சம், ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. அண்ணை, வர வேண்டாம்.