சும்மா ஒரு ட்ரம், சும்மா ஒரு மோட்டார்!

இன்னும் ஒரே ஒரு ஆள் வந்து, "தரை கழுவுன அழுக்குத் தண்ணியை சும்மா ஒரு வேக்கம் கிளீனரை மாட்டி உறிஞ்ச வேண்டியதுதானேண்ணா" என்று சொல்லட்டும், அவரையே ட்ரம்முக்குள் உட்கார வைத்து மூடியைப் போட்டுவிடுகிறேன்.

சேலத்தில் குட்டியானை வண்டியில் பிரஷர் வாஷரை ஏற்றிக்கொண்டு தரை கழுவப் போகிறவன் நான். லாரிப் பட்டறை, கல்யாண மண்டபம், அடுக்குமாடி பார்க்கிங், எதுவானாலும் போவேன். கழுவுவதில் ஒரு சிக்கலும் இல்லை. 150 பார் அழுத்தத்தில் அடித்தால் பத்து வருஷத்துக் கிரீஸும் கிளம்பி வந்துவிடும். வந்த பிறகு அது எங்கே போகும் என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர். டீசலும் சேறும் கலந்த அந்தக் கறுப்புத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் நுழைந்து நேரே எதிர்வீட்டு அம்மா அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தின் மேல் ஏறும். அம்மாபேட்டையில் ஒரு அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, உங்க வீட்டு வாசலா இருந்தா இப்படி விடுவியா?" என்னைக் கூப்பிட்ட வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து போன் பேச உள்ளே போய்விட்டார். எப்போதும் போய்விடுவார்கள்.

மழைநீர் வடிகாலில் தள்ளிவிடலாமே என்பார்கள். பாதாள சாக்கடைத் தண்ணீராவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகாலில் விட்டது அப்படியே திருமணிமுத்தாற்றுக்குப் போகும். சேர்வராயன் மலையில் தெளிவாக இறங்கும் அந்த ஆறு சேலத்தைத் தாண்டும்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். என் பங்குக்கு நானும் ஊற்ற வேண்டுமா?

சரி, உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். ரெடிமேடாக விற்கும் செட்டின் விலையைக் கேட்டதும், நம் வண்டியையே விற்றாலும் பற்றாது என்று தெரிந்தது. நாமே கட்டிக்கொள்வோம் என்ற திமிர் அங்கேதான் வந்தது.

முதலில் வீட்டில் கிடந்த 20 லிட்டர் வெட் வேக்கம். இரண்டு நிமிடத்தில் நிறைந்துவிடும். கழுவியது ஒரு மடங்கு, கொட்டப் போய் வந்தது மூன்று மடங்கு.

அடுத்து 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் ட்ரம். மூடியில் ஓட்டை போட்டு மோட்டாரை உட்கார வைத்து, எம்சீல் பூசி, பார்க்க அருமையாக இருந்தது. அரைமணி நேரம் ஓடியது. அப்புறம் ஒரு பாலிதீன் கவர் ஓஸ் வாயில் போய் அடைத்தது. 'டமார்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், யாரோ ஆத்திரத்தில் மிதித்த சொம்பு மாதிரி ட்ரம் நசுங்கிக் கிடக்கிறது. இந்த மோட்டார்கள் வாய் அடைபட்டால் இரண்டு மீட்டர் தண்ணீர் உயரத்துக்கு இழுக்கும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அதற்கு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு டன் கணக்கு. அந்த மூடி மேல் மட்டும் வெளிக்காற்று ஐந்நூறு கிலோவுக்கு மேல் அழுத்தியிருக்கிறது! 'சும்மா ஒரு ட்ரம்' என்று சொன்ன மகராசர்கள் யாராவது இதைச் சொன்னார்களா?

பழைய இரும்புக் கடையில் இரும்பு ட்ரம் வாங்கி, சுற்றிலும் பட்டை வைத்து வெல்டிங் அடித்தேன். கூடவே ஒரு சின்ன வால்வு, ஓஸ் அடைத்தால் தானாகத் திறந்து காற்று விட. இப்போது மோட்டார் முறை. கடைக்காரரிடம் தெளிவாகவே கேட்டேன், தண்ணீர் இழுக்கிற மோட்டார் வேண்டும் என்று. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றில்லை. ஒரு வகையில் உறிஞ்சும் காற்றே மோட்டாருக்குள் போய்க் குளிர வைக்கும். அது தூசிக்கு. இன்னொரு வகையில், பைபாஸ் என்பார்கள், குளிர வைக்கத் தனிக் காற்று, உறிஞ்சும் ஈரக் காற்று காயில் பக்கமே போகாது. எனக்குத் தலையில் கட்டியது முதல் வகை. சோப்பு போட்ட தரையில் நுரை பொங்கியது. தண்ணீர் ஏறினால் மிதந்து வாயை அடைக்க வேண்டிய பந்து, நுரையைத் தண்ணீராகவே மதிக்கவில்லை. நுரை நேரே காயிலுக்குப் போனது. முதலில் வாடை, பிறகு புகை. அட்டையில் மட்டும் 2000 வாட் என்று கொட்டை எழுத்து. அது கரண்ட் தின்னும் கணக்கய்யா, இழுக்கிற கணக்கில்லை!

இத்தனைக்கும் பிறகு பைபாஸ் மோட்டார் இரண்டு, இரண்டு அங்குல ஓஸ், நுரை அடக்கும் மருந்து, ட்ரம்முக்குள் சேறு தேங்கத் தனி அறை, தண்ணீரை வெளியே தள்ள ஒரு பம்ப். பம்பை மாட்டிய முதல் நாள் உறிஞ்சல் பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் முழுக்க ஓட்டை தேடினேன். கடைசியில் பார்த்தால், பம்ப் நின்ற நேரமெல்லாம் வெளியேற்றும் குழாய் வழியாகவே காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வெளியே மட்டும் விட்டு, உள்ளே திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டதும் தீர்ந்தது. சில நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஒரு நாள் கூலி போச்சு. இதே வண்டியை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் இன்னொரு கூத்து. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, இழுவையில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போகும். அங்கே யாரிடம் போய்ச் சண்டை போட?

இப்போது ஓடுகிறது. தரையில் விட்டதில் பெரும்பகுதி ட்ரம்முக்கு வந்துவிடுகிறது. உடனே ரேட் பேச வருகிறார்கள். "தண்ணிய அள்ளறதுக்குத் தனிக் காசா? போன தடவை அப்படியேதான விட்டீங்க?" ஆமாம் சார், விட்டேன். உங்கள் எதிர்வீட்டு அம்மா திட்டியது என்னைத்தானே, உங்களை இல்லையே.

அள்ளியதைக் கொட்டுவது அதற்கு மேல். எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸ்காரர் ஒருவர் மனமிரங்கி, லோடுக்கு இருநூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். இப்போது மணி எட்டே கால், ட்ரம் முட்ட முட்ட நிறைந்த வண்டி அவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நான் வண்டிக்குள் உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.