டார்கோ மிலிசிச் ஐரோப்பாவில் நட்சத்திரமாக இருந்தாரா?

செர்பியக் கூடைப்பந்து வீரர் டார்கோ மிலிசிச் பற்றி ‘ஐரோப்பாவிலேயே தன்னை நிரூபித்துவிட்ட வீரர், டெட்ராய்ட் பயிற்சியாளர் லாரி பிரவுன்தான் அவரைப் பாழாக்கினார்’ என்று நண்பர் எழுதியிருப்பதில் முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி அரை உண்மை.

2003 ஜூனில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டெட்ராய்ட் அணியால் லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்தபடியாக, கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் போஷ், டுவைன் வேட் ஆகியோருக்கு முன்பாக அவர் தேர்வானபோது, அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. செர்பியாவின் வர்ஷாட்ஸ் என்ற சிறு நகரத்தின் ஹெமோஃபார்ம் அணிக்காக ஆடிய அவரை உயர்த்தியது ஆட்டக் கணக்கு அன்று. ஏழடி உயரமும், இடக்கையால் பந்தெறியும் திறனும், தனிப் பயிற்சிகளில் காட்டிய வேகமுமே. நிரூபணம் என்பதற்கு ஸ்லோவேனிய வீரர் லூகா டான்சிச்சைப் பாருங்கள்: 2018இல், பத்தொன்பது வயதில், ரியல் மாட்ரிட் அணியுடன் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் தொடரான யூரோலீக்கின் கோப்பையையும் அத்தொடரின் சிறந்த வீரர் விருதையும் வென்ற பிறகே அவர் அமெரிக்கா சென்றார்.

பிரவுன் அவருக்குப் போதிய வாய்ப்பளிக்கவில்லை என்பது உண்மைதான். அந்த இளைஞருக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் 2004இல் கோப்பை வென்ற அணியில், அதே இடத்தில் ஆடிய பென் வாலஸ் இருக்கும்போது, புதியவருக்கு இடம் கிடைப்பது கடினம். பின்னர் மினசோட்டாவில் தொடக்க வீரராக ஆடிய 2010-11 பருவத்திலும் மிலிசிச்சின் சராசரி ஆட்டத்துக்கு 8.8 புள்ளிகளே, அதுவே அவரது என்.பி.ஏ. வாழ்வின் உச்சம்.