போஸ்டரை விடுங்கள், வாளியை எடைபோடுங்கள்

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-ல். இத்தனை வருடம் கழித்தும் பல பள்ளிகளில் அது சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாகத்தான் இருக்கிறது. கண்ணீர் விடும் பூமி உருண்டை, பக்கத்தில் ஒரு சோற்றுத் தட்டு, கீழே ‘உணவை வீணாக்காதே’. பாதி வீடுகளில் அதை வரைந்து கொடுப்பதே அம்மாதான், அது தனிக் கதை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே பள்ளியின் குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வாளி இருக்கும். உருண்டை உருண்டையாகத் தயிர்சாதம், ஓரம் விறைத்த தோசைத் துண்டு, தொடாமலே ஒதுக்கிய பீன்ஸ் பொரியல், டப்பா வடிவம்கூடக் கலையாமல் கவிழ்ந்து கிடக்கும் லெமன் சாதம். மிச்சம் கொண்டு போனால் வீட்டில் திட்டு விழும் என்று இங்கேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் வகுப்பை அங்கேதான் நடத்த வேண்டும்.

ஒரு கொக்கித் தராசு போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே தினமும் வாளியை எடைபோட்டுக் கரும்பலகையில் எழுதட்டும். எந்தக் கிழமை அதிகம், எந்தச் சாப்பாடு மிஞ்சுகிறது, ஏன் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் இந்த வாளி எங்கே போகிறது என்று ஒருவன் கேட்பான். காலநிலைப் பாடத்தை அப்போது ஆரம்பிக்கலாம்.

கிராமத்தில் கழனித் தொட்டிக்குப் போய் மாட்டு வயிற்றில் முடிந்துவிடும். சென்னையில் மாடு ஏது, இருக்கிற மாடும் சுவரொட்டியைத் தின்கிறது. பிரிக்காமல் கவரில் முடிச்சுப் போட்டு வீசினால் லாரி ஏறி கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடிக் கிடங்குக்கோதான் போகும். மலையாகக் குவிந்த குப்பைக்கு அடியில் காற்றுப் புகாது, காற்றில்லாமல் அழுகும் சோற்றிலிருந்து மீத்தேன் வரும். இருபது வருடக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது, தீப்பிடிக்கவும் செய்யும். அதே சோற்றைக் காய்ந்த சருகோடு கலந்து அவ்வப்போது கிளறிவிட்டு மக்க வைத்தால் மீத்தேன் பெரிதாக வராது, செடிக்கு உரமும் ஆச்சு. பள்ளி மைதானத்து ஓரத்தில் இதைச் செய்தே காட்டிவிடலாம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளுக்குக் குப்பை மேடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

எனக்குக் கோபம் வருவது, மொத்தப் பழியையும் பிள்ளைகள் தலையில் கட்டும்போதுதான். டப்பாவில் எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்வது நாம். இருபது நிமிடத்தில் கை கழுவி, சாப்பிட்டு, பாத்ரூம் போய் வரச் சொல்வது பள்ளி. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகத்தில் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில்! ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்திருந்து நான்காம் நாள் சாம்பாரைக் கொட்டுவது எட்டு வயதுப் பிள்ளையா? கல்யாணப் பந்தியில் கேட்காமலே இரண்டாவது ஜாங்கிரியை இலையில் போடச் சொல்வது யார்? எலும்பும் தோலுமான ஆப்பிரிக்கக் குழந்தையின் படத்தைக் காட்டிச் சாப்பிட வைக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதில் ஒரு பாடமும் கிடையாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் போய் இதே போஸ்டரை நீட்டாதீர்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் 2022-ல் வந்த காலை உணவுத் திட்டமும், பசியோடு ஒரு பிள்ளை வகுப்பில் உட்காரக் கூடாது என்பதற்காக வந்தவை. அங்கே பெரியவர்கள் பார்க்க வேண்டியது வேறு: முதலில் கொஞ்சமாகப் போட்டு, மறுபடி கேட்டால் முகம் சுளிக்காமல் போடுகிறார்களா? ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கப் பிள்ளைக்குக் கூச்சமில்லாமல் இருக்கிறதா?

சரி, உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் விடுகிறார்கள்? வாளியை எடைபோட்டுப் பார்த்த ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் என்ன நடந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள்.