கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நூறு மாடியாம்!

ஜிம்மில் படியேறும் இயந்திரத்தின் மேல் நின்று, இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் உள்ளங்கையை ஊன்றி, முழங்கையை விறைப்பாக நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் தோளில் சுமந்தபடி, கால்விரல் நுனியால் படிகளைத் தட்டிக்கொடுக்கும் அன்பர்களே! உங்களை அங்கே ஏறச் சொன்னது யார்?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், டிரெட்மில் வரிசைகட்டி நிற்கும் ஜிம்மில்கூடப் படியேறும் இயந்திரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்றுக்காகத் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நாங்கள் காத்துக் கிடப்போம். மேலே ஒருவர் முக்கால் மணி நேரமாகத் தொங்கிக்கொண்டிருப்பார். வேகம் உச்சத்தில் இருக்கும். மூச்சு மட்டும் வாங்காது. கைப்பேசியில் ஏதோ தொடர் நாடகம் ஓடும். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, "நூறு மாடி முடிக்க வேண்டும்" என்று பதில் வரும். எந்த நூறு மாடி ஐயா? நீங்கள் ஒரு மாடிகூட ஏறவில்லையே!

அவர் மணிக்கட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். விரல்கள் பின்பக்கம் திரும்பியிருக்கும், மணிக்கட்டு மடிந்து வெளுத்திருக்கும். தோள்கள் இரண்டும் காதைத் தொடும். குதிகால் படியில் படவே படாது. கால் வைத்த உடனே படி நழுவிக் கீழே போய்விடும். அவர் அடுத்த படியைத் தொட்டுவிடுவார். ஏறுவதற்கு அங்கே எதுவுமே மிச்சமில்லை.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. சங்கிலியில் கோத்த படிகள் நகரும் படிக்கட்டைப் போலக் கீழ்நோக்கிச் சுற்றி வருகின்றன. பல இயந்திரங்களில் படியைக் கீழே தள்ளுவதே ஏறுபவரின் எடைதான். அது சரசரவென்று இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் உள்ளே இருக்கும் பிரேக் செய்கிறது. ஆகவே படியின் மேல் எவ்வளவு எடை விழுகிறதோ அவ்வளவுதான் உழைப்பு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 20 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றை ஏறினால் சுமார் 137 ஜூல் வேலை. நிமிடத்துக்கு 60 படி என்றால், அந்த வேலை மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோ கலோரி. தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இப்படி வேலையாக மாறும் என்பதால், உடம்பு செலவழிப்பது இதைப் போல நாலைந்து மடங்கு. சரி, எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கைப்பிடி தாங்கினால்? காலுக்கு மிஞ்சுவது 47 கிலோதான். தொங்குகிறவர்கள் அதற்கும் மேலேயே கைப்பிடிக்குத் தானம் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் திரைக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கள் பதிவு செய்த எடையையும் படிகள் சுற்றும் வேகத்தையும் வைத்துக்கொண்டு அது பாட்டுக்குக் கலோரியைக் கூட்டிக்கொண்டே போகிறது. அந்தப் பொய்க் கணக்கைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிறார்களே, அப்போதுதான் என் இரத்தம் கொதிக்கிறது.

1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு சக்கரத்தை வடிவமைத்தார். குறுக்கே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தம் எடையால் கீழே நழுவும் பலகைகளில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுமை என்று சொல்லி 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு அதை ஒழித்துக்கட்டினார்கள். இன்று நாம் சந்தா கட்டி அதையே செய்கிறோம் என்பது தனி வேடிக்கை. பாவம், அந்தக் கைதிகளிடம் கைப்பேசி இல்லை!

முழங்கால் வலியுள்ளவர்கள், வயதானவர்கள், முதல் நாள் ஏறித் தடுமாறுகிறவர்கள் கைப்பிடியைப் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். விரல் நுனியால் தொட்டுச் சமநிலை பார்ப்பது வேறு, மூட்டையைப் போலச் சாய்ந்து கிடப்பது வேறு. என் கோபமெல்லாம், திடகாத்திரமாக இருந்துகொண்டு வேகத்தைக் கூட்டிவிட்டுப் பாரத்தைக் கையில் போடுகிறவர்கள் மேல்தான்.

பயிற்சியாளர்களை என்ன சொல்வது? பளு தூக்கும்போது முதுகு ஒரு விரற்கடை வளைந்தால் ஓடி வந்து திருத்துகிறார்கள். இங்கே ஒருவர் துணிக்கொடியில் காயப்போட்டதைப் போலத் தொங்கினாலும் புன்னகைத்துவிட்டுக் கடந்து போகிறார்கள். நிர்வாகமோ சுவரில் ஒரு தாளை ஒட்டியதோடு கடமையை முடித்துக்கொள்கிறது: "20 நிமிடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்." ஒட்டியவரே அதற்கப்புறம் அதைப் படித்திருக்க மாட்டார். போதாக்குறைக்கு, ஊன்றி ஊன்றி வழிந்த வியர்வை கைப்பிடியில் குளம் கட்டி நிற்கும். துடைக்கும் துணி எட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது, தொடுவார் யாருமில்லை. அந்த உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி இரும்பை அரிக்கும், சங்கிலி முனகும். ஒருநாள் "பழுது" என்று அட்டை மாட்டிவிடுவார்கள். உதிரிப் பாகம் வரும்வரை யாருக்கும் படி கிடையாது.

ஆகவே, உச்ச வேகத்தில் தொங்கும் பெருமகனாரே, பெருமாட்டியே! வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். கையை எடுங்கள். பாதம் முழுவதையும் படியில் பதித்து, நிமிர்ந்து நின்று, பத்தே நிமிடம் ஏறிப் பாருங்கள். மூச்சு முட்டினால் ஓய்வெடுங்கள், யாரும் சிரிக்க மாட்டோம். அது முடியாது, நூறு மாடிக் கணக்குத்தான் வேண்டும் என்றால் தயவுசெய்து இறங்கிவிடுங்கள். தொங்குவதற்கென்றே அந்த மூலையில் ஒரு கம்பி காலியாக இருக்கிறது. போகும்போது கைப்பிடியைத் துடைத்துவிட்டுப் போங்கள். அடுத்து ஏறப்போவது நான்.