8 நிமிடத்தில் துருவ ஒளி வராது

“சூரியனில் பெரும் வெடிப்பு! 8 நிமிடத்தில் வானம் பச்சையாக ஒளிரும், வெளியே ஓடுங்கள்” என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

8 நிமிடத்தில் வந்து சேர்வது வெடிப்பின் ஒளியும் எக்ஸ் கதிர்களும்தான். அவை பகல் பக்கத்தில் சிற்றலை வானொலியைக் குலைக்கும். வானம் பச்சை, சிவப்பாக ஒளிரும் துருவ ஒளியை (அரோரா) உண்டாக்காது. அதற்குச் சூரியன் உமிழும் பிளாஸ்மா மேகம் (மின்னேற்றம் பெற்ற துகள்களின் திரள்) பூமியை அடைய வேண்டும். வேகமானது ஒரு நாளுக்குள் வரும்; பெரும்பாலானவற்றுக்கு 2, 3 நாள் ஆகும். வெடிப்பு நிகழ்ந்தாலே மேகம் கிளம்பும் என்பதும் இல்லை, கிளம்பினாலும் நம் பக்கம் வர வேண்டுமே!

வந்த பிறகும் ஒரு சிக்கல். மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து ஆற்றலை உள்ளே தள்ளும். வடக்கு நோக்கினால் பெரும்பாலும் ஏமாற்றமே. இந்தத் திசையை, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் நிற்கும் விண்கலங்கள் அளந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். அதாவது மேகம் பூமியை அடைவதற்கு ஏறக்குறைய 15 முதல் 60 நிமிடம் முன்பு.

பச்சை நிறமும் எல்லோருக்கும் கிடைக்காது. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜனை மோதும்போது பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பு. துருவத்திலிருந்து விலகி இருப்பவருக்குக் கீழேயுள்ள பச்சை அடிவானத்துக்குள் மறைந்துவிடும். பூமியின் காந்தப்புலம் பெரிதும் குலையும் கடும் காந்தப் புயலின்போது மேலுள்ள மங்கிய சிவப்பு தெரியலாம், அதுவும் பெரும்பாலும் சில விநாடி ஒளியைச் சேர்த்துப் படமெடுக்கும் கேமராவுக்கு மட்டுமே.